போர்க்களத்தில் ரிப்போர்ட்டர், பக்கத்திலேயே ஜோக்: ‘விஸ்கி டேங்கோ ஃபாக்ஸ்ட்ராட்’ பார்த்தவர்கள் வரவும்

#1 இரண்டாம் ஆட்டம் (முத்தியால்பேட்டை)

ஞாயிற்றுக்கிழமை பாண்டியில் நல்ல மழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் இரண்டு மணி நேரம்கூட இல்லாத படத்தை நாலு மணி நேரம் பார்த்தேன். 2016-ல் வந்த படம். டினா ஃபே நடித்தது. நியூயார்க் டிவி ஆபீசில் அடுத்தவர் வாசிக்கச் செய்தி எழுதிக் கொடுக்கும் கிம் பேக்கர் என்ற பெண், ஆப்கானிஸ்தானுக்குப் போய் ரிப்போர்ட்டர் ஆகிறாள். அவளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே முதல் ஜோக். கல்யாணம் ஆகாத, பிள்ளைகுட்டி இல்லாத ஊழியர்களை மட்டும் ஒரு அறையில் கூட்டி வைத்து ‘யார் போகிறீர்கள்?’ என்று கேட்கிறார்கள். நம் ஊர் ஆபீசில் தேர்தல் டியூட்டி போடுகிற மாதிரி.

ஏன் போனாள் என்பதற்கு அவள் சொல்லும் காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜிம்மில் தினமும் ஒரே சைக்கிளை மிதிக்கிறாள். ஒருநாள் குனிந்து பார்த்தால் கார்ப்பெட்டில் அந்த சைக்கிள் முன்பு நின்ற தடம் தெரிகிறது. இத்தனை நாள் மிதித்து மிதித்துப் பின்னால் போயிருக்கிறாள்.

நான் பல இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, ‘அங்க செத்துக்கிட்டிருக்கான், உனக்கு என்னடா சிரிப்பு?’ என்று எழுந்து போய்விட்டார். அதிலிருந்து மண்டைக்குள் ஓடுகிறது. சண்டை நடக்கிற ஊரை வைத்து காமெடி எடுக்கலாமா?

#2 வில்லியனூர் வண்டி

பேரே வாயில் நுழையவில்லையே. என்ன அர்த்தம்?

#3 இரண்டாம் ஆட்டம்

வயர்லெஸ்ஸில் எழுத்து மாறிக் கேட்டுவிடக் கூடாது என்று ராணுவத்தில் எழுத்துக்கு ஒரு வார்த்தை வைத்திருப்பார்கள் இல்லையா, அது. மூன்று வார்த்தைக்கும் முதல் எழுத்தைச் சேர்த்தால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் அடிக்கும் கெட்ட வார்த்தை வரும். இதற்கு மேல் இங்கே எழுதினால் மாடரேட்டர் தூக்கிவிடுவார்.

#4 ஓ.டி. துறைமுகம் (கடலூர்)

படத்தை வந்த வருஷமே பார்த்துவிட்டேன். நானும் 20 வருஷத்துக்கு மேலாகக் கடலூரில் பகுதிநேர நிருபர். அதனால் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சில விவரம். இது கிம் பார்க்கர் என்ற உண்மையான நிருபரின் புத்தகத்தை வைத்து எடுத்தது. அவர் டிவிக்காரர் இல்லை, ‘சிகாகோ ட்ரிப்யூன்’ பத்திரிகைக்காரர். 2011-ல் வந்த அந்தப் புத்தகத்துக்கு எழுதிய விமர்சனத்தில், தன்னையே ஒரு டினா ஃபே பாத்திரம் மாதிரி காட்டியிருக்கிறார் என்று நியூயார்க் டைம்ஸில் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் டினா ஃபே புத்தகத்தையே எடுத்தார். படத்தில் பார்க்கர் ‘பேக்கர்’ ஆனார், பத்திரிகை டிவி ஆனது. பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்? காபூல் என்று காட்டுவதெல்லாம் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ. போட்ட காசு மூன்றரைக் கோடி டாலர் என்பார்கள், அது தியேட்டரில் திரும்பவில்லை.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். படத்தில் யார் ஜோக் அடிக்கிறார்கள் என்று கவனித்தீர்களா? வெளியூரிலிருந்து வந்தவர்கள். ராத்திரியானால் விடுதியில் பாட்டு, கூத்து, குடி. அவளுக்கு மொழிபெயர்த்து, வழி சொல்லி, உயிரைக் காப்பாற்றுகிற ஃபஹீம் இருக்கிறானே, அவனுக்கு ஒரு நல்ல ஜோக் கிடையாது. அவனுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புத்தி சொல்லும் வேலை. அந்தப் பாத்திரத்திலும் ஓர் ஆப்கான்காரர் நடிக்கவில்லை, அமெரிக்க நடிகர் கிறிஸ்டோபர் அபாட் நடித்தார். ஆப்கான் அரசியல்வாதியாக வருபவர் ஆல்ஃப்ரெட் மொலினா. லண்டனில் பிறந்தவர், அப்பா ஸ்பெயின், அம்மா இத்தாலி. ஊர் அவர்களுடையது, சாவு அவர்களுடையது, சிரிப்பும் சம்பளமும் மட்டும் வேறு ஆளுக்கு.

#5 நெல்லித்தோப்பு அக்கா

ஓ.டி. அண்ணே, கிணறு காட்சியை மறந்துவிட்டீர்களா? அங்கே ஜோக் அந்த ஊர்ப் பெண்களுடையதுதானே?

பார்க்காதவர்களுக்கு: ஒரு கிராமத்தில் அமெரிக்க ராணுவம் கிணறு கட்டிக் கொடுக்கிறது. யாரோ உடைத்துவிடுகிறார்கள். மறுபடி கட்டுகிறார்கள், மறுபடி உடைகிறது. தாலிபான் வேலை என்று ராணுவம் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறது. கிம் பெண் என்பதால் ஊர்ப் பெண்கள் அவளைத் தனியே உள்ளே கூப்பிட்டுச் சொல்கிறார்கள், உடைப்பது நாங்கள்தான் என்று. ஆற்றுக்கு நடந்து போய்த் தண்ணீர் எடுக்கும் நேரம்தான் ஆண்கள் காதில் விழாமல் அவர்கள் பேசிக்கொள்ளக் கிடைக்கும் நேரம். கிணறு வந்தால் அதுவும் போச்சு.

#6 இரண்டாம் ஆட்டம்

ஆமாம் அக்கா! படத்திலேயே சிறந்த இடம் அது. ஜெனரலாக வரும் பில்லி பாப் தார்ன்டன் அதைக் கேட்டு விழிப்பதற்கே காசு கொடுக்கலாம்.

#7 நெல்லித்தோப்பு அக்கா

அவசரப்படாதீர்கள் தம்பி, நான் அந்தக் காட்சியைப் பாராட்ட வரவில்லை.

நான் பிறந்தது நெய்வேலி பக்கம் ஒரு கிராமம். பத்து வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று குடம் சுமந்தவள். வழியில் பேசினோமா? பேசினோம். யார் வீட்டில் அடி, யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எல்லாக் கதையும் அந்த வழியில்தான். ஆனால் வீட்டு வாசலில் குழாய் வந்த அன்று எங்கள் தெருவில் ஒருத்திகூட அழவில்லை. என் அம்மா குழாய்க்குக் குங்குமம் வைத்தாள். இன்றைக்கும் எனக்கு இடது இடுப்பு எலும்பில் வலி வந்தால் எந்தக் குடம் என்றுகூடச் சொல்ல முடியும். அடியில் நசுங்கின பித்தளைக் குடம். அந்த நசுங்கல் சரியாக இங்கே குத்தும்.

கிணற்றை உடைக்கிற கதையைச் சொல்கிறவர்களுக்குத் தண்ணீர் சுமந்து பழக்கம் இருக்குமா என்றுதான் சந்தேகம்.

#8 வில்லியனூர் வண்டி

அக்கா சொன்னதில் படமே தண்ணீர் மாதிரி போச்சு.

#9 ஓ.டி. துறைமுகம்

இல்லை இல்லை, இந்த ஒரு இடத்தில் நான் படத்தின் பக்கம். அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது.

2004 சுனாமிக்கு அப்புறம் இங்கே மீனவர்களுக்குக் கடலை விட்டுத் தள்ளி வீடு கட்டிக் கொடுத்தார்கள். தளம் போட்ட வீடு, நல்ல வீடுதான். எங்கள் அத்தை ஒருத்தி அங்கே குடிபோனாள். தினமும் காலையில் கிளம்பிப் பழைய இடத்துக்கே போய்விடுவாள், பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். ‘என்ன அத்தை, வீடு பிடிக்கலையா?’ என்றால், ‘வீடு நல்லாத்தான் இருக்கு. அங்க உக்காந்து நான் யாரை ஏச?’ என்பாள். கட்டிக் கொடுத்தவர்கள் சுவரை அளந்தார்கள், கூரையை அளந்தார்கள். அத்தைக்குச் சண்டை போட எதிர்வீட்டுக்காரி வேண்டும் என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

அந்த சமயத்தில்தான் துணி மலை. நாடெங்கும் இருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து ரோட்டோரம் கொட்டிக் கிடந்தது. நான் பார்த்த ஒரு குவியலில் கம்பளி ஸ்வெட்டர் இருந்தது. கடலூரில்! ஒரு பையன் அதை எடுத்து நாய்க்கு மாட்டிவிட்டு எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான். வீட்டில் இரண்டு பேரைக் கொடுத்த பையன். அவனைப் பார்த்துச் சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பைப் படம் எடுக்க என்கூட வந்த டிவி டீமுக்கு விருப்பம் இல்லை. ‘சார், அழறவங்க யாராவது இருக்காங்களா?’ என்று கேட்டார்கள். நான்தான் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அன்றைய ஃபஹீம் நான். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தார்கள். பேர் போடவில்லை.

#10 சொல்தா பேரன் (புதுச்சேரி)

இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போவேன். ஓ.டி. அண்ணன் எழுதியதற்கு அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

பாண்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை இங்கே ‘சொல்தா’ என்போம். இன்றும் பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் மெடல் குத்திக்கொண்டு வயசானவர்கள் நிற்பார்களே, அப்படி நின்றவர் என் தாத்தா. இந்தோசீனா போனவர். சமையல் பிரிவு.

தாத்தா போரைப் பற்றிச் சொன்னதெல்லாம் காமெடிதான். முக்கியமாக ரசம். சைகோன் பக்கம் ஒரு முகாமில் நம் ஊர் ஆட்கள் கொஞ்சம் பேர் சேர்ந்துவிட, ரசம் வேண்டும் என்று நச்சரித்திருக்கிறார்கள். புளி அங்கேயே கிடைக்கும், வியட்நாம்காரர்களும் புளி போடுகிறவர்கள். மிளகும் உண்டு. பெருங்காயம்தான் இல்லை. தாத்தா வீட்டுக்குக் கடிதம் போட்டார், பெருங்காயம் அனுப்பு என்று. அது வருவதற்குள் அவர்கள் ஊர் மீன் சாறை ஒரு சொட்டு விட்டு நாற்றத்துக்குச் சமாளித்தாராம். ஒரு பிரெஞ்சு சார்ஜன்ட் முகர்ந்து பார்த்துவிட்டு, ‘இதை எதிரி மேல் ஊற்றுவதுதானே?’ என்றாராம். இதைச் சொல்லும்போது தாத்தா அந்த சார்ஜன்ட் மாதிரியே மூக்கைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் திட்டிக் காட்டுவார். நாங்கள் உருண்டு புரண்டு சிரிப்போம்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் கேட்டேன், ‘தாத்தா, அன்னைக்கு எத்தனை பேர் ரசம் குடிச்சாங்க?’

‘பதினோரு பேர்.’

‘மறுநாளும் வச்சீங்களா?’

‘வச்சேன். மிஞ்சிப்போச்சு.’

அவ்வளவுதான். கதை முடிந்தது என்று எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு பீச்சுக்குப் போய்விட்டார். அந்த ‘மிஞ்சிப்போச்சு’ எனக்குப் புரிய இன்னும் பத்து வருஷம் ஆனது.

இரண்டாம் ஆட்டம், உங்கள் அப்பாவுக்கு என் பதில் இதுதான். சிரிக்கலாம். யாருக்கு மிஞ்சியது என்று தெரிந்தவர் சிரிக்கட்டும்.

#11 இரண்டாம் ஆட்டம்

என்ன சொல்வதென்று தெரியவில்லை சார்.

#12 புத்துப்பட்டு

நான் கீழ்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமில் வளர்ந்தவன். அம்மா வடஇலங்கையில் வன்னி. நான் பிறந்ததே இங்கேதான், அதனால் என் தமிழ் பாதி அம்மா, பாதி ஈ.சி.ஆர். ரோடு.

எங்கட வீட்டில் ஜோக்குக்குப் ‘பகிடி’ என்பார்கள். பங்கர் பகிடிகள் எண்ணி முடியாது. பொம்மர் சத்தம் கேட்டவுடன் எல்லாரும் பங்கருக்குள் குதிக்க, அம்மம்மா மட்டும் வெற்றிலைத் தட்டத்தைத் தேடிக்கொண்டு வெளியே நிற்பாவாம். ‘செத்தால் வாயில வெத்திலையோட சாகிறன்’ என்று. கிபிர் (குண்டு போடும் விமானம்) போனதுக்குப் பிறகு உள்ளே இருந்தவர்கள் முதலில் கேட்பது ‘அம்மம்மா இருக்கிறாவோ?’ இல்லை, ‘அம்மம்மா, பாக்கு மிச்சம் இருக்கோ?’ மேலே சுற்றும் வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்று பேர். இப்படிப் பேர் வைத்தவன் யாராக இருந்தாலும் அவனுக்குப் பகிடி தெரியும்.

அதனால் சொல்தா பேரன் சொல்வது சரி. ஆனால் எனக்கு இந்தப் படத்தில் வேறு ஒரு உறுத்தல். நிருபர்கள் பற்றிய படம் என்று வந்தால் அநேகமாக வந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் கதைதான் வருகிறது. போர்முனை நிருபர் மேரி கொல்வின் பெரிய மனுஷி, சந்தேகமில்லை. 2001-ல் வன்னியிலிருந்து வெளியே வரும்போதுதான் அவருக்கு ஒரு கண் போனது. 2012-ல் சிரியாவில் ஹோம்ஸ் நகரில் கொல்லப்பட்டார். அவரை உலகத்துக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பி.பி.சி. தமிழோசைக்குச் செய்தி கொடுத்த நிமலராஜனை? 2000 அக்டோபர் 19 இரவு, சொந்த வீட்டில் எழுதிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். அவருக்குத் திரும்பிப்போக நியூயார்க் இல்லை. அவர் இருந்த இடமே போர்க்களம்.

#13 ஓ.டி. துறைமுகம்

தம்பி, இதைத்தான் நான் சரியாகச் சொல்லத் தெரியாமல் கிறிஸ்டோபர் அபாட், சம்பளம் என்று உளறிக்கொண்டிருந்தேன்.

ஆப்கானிஸ்தானிலும் அதேதான். ஷா மராய் என்று ஒரு போட்டோகிராபர். 1996-ல் ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனத்தில் டிரைவராகச் சேர்ந்தவர். வண்டி ஓட்டிக்கொண்டே கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டு, காபூலில் அவர்களுடைய தலைமைப் புகைப்படக்காரர் ஆனார். 2018 ஏப்ரல் 30 அன்று காபூலில் ஒரு குண்டு வெடித்தது. படமெடுக்க நிருபர்கள் ஓடி வந்து கூடிய இடத்தில் இரண்டாவது ஆள், கையில் கேமராவோடு நிருபர் மாதிரியே வந்து நின்று வெடித்தான். ஒன்பது பத்திரிகையாளர்கள் செத்தார்கள். அதில் மராயும் ஒருவர்.

2009-ல் நியூயார்க் டைம்ஸ் நிருபரும் அவருடைய மொழிபெயர்ப்பாளர் சுல்தான் முனாதியும் தாலிபானிடம் மாட்டினார்கள். கமாண்டோக்கள் போய் மீட்டபோது வெளிநாட்டு நிருபர் உயிரோடு வந்தார். முனாதி வரவில்லை. வெளியூர் நிருபருக்கு வழி காட்டி, மொழிபெயர்த்துக் கொடுக்கிற உள்ளூர் ஆளுக்கெல்லாம் எங்கள் தொழிலில் ‘ஃபிக்ஸர்’ என்று ஒரே வார்த்தை. குழாய் ரிப்பேர் பண்ணுகிற ஆள் மாதிரி.

இந்தப் படத்தில் ஃபஹீம் அசல் டாக்டர். போதைக்கு அடிமையானவர்களைப் பார்த்த டாக்டர் என்பதால், அவளுக்கு ஆபத்தே போதையாகிவிட்டதை முதலில் கண்டுபிடிப்பவன் அவன். எவ்வளவு நல்ல பாத்திரம்! சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் அந்த அமெரிக்காக்காரியைப் பற்றி என்ன சொல்லிச் சிரித்திருப்பான்? அந்தப் படத்துக்கு நான் பிளாக்கில்கூட டிக்கெட் வாங்குவேன்.

#14 வில்லியனூர் வண்டி

நேற்று ராத்திரி உங்களுக்காகவே பார்த்தேன். எனக்குப் பிடித்தது இரண்டு பேர் சொன்னதும் இல்லை. அந்த சிப்பாய்ப் பையன், கஃப்லின். துப்பாக்கியில் குண்டு போட்டு வைப்பதில்லை என்று கேமரா முன்னால் சாதாரணமாகச் சொல்கிறான். ஒளிபரப்பானதும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறார்கள், அங்கே கண்ணிவெடியில் இரண்டு காலும் போகிறது. கடைசியில் கிம் அவன் வீடு தேடிப் போகிறாள். அவன் அவளைத் திட்டவே இல்லை. உன்னால்தான் ஆனது என்றால் உனக்கு ரொம்ப நினைப்பு என்கிற மாதிரி பேசி அனுப்புகிறான். எனக்கு அங்கேதான் தொண்டை அடைத்தது. ஓ.டி. அண்ணே, உங்கள் செய்தியால் யாருக்காவது அப்படி ஆகியிருக்கிறதா?

#15 ஓ.டி. துறைமுகம்

ஆகியிருக்கிறது. 2011 டிசம்பர் 30 தானே புயல். மறுநாளிலிருந்து பண்ருட்டி பக்கம் பலா, முந்திரி எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்ததை எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு கிராமத்தில் நிவாரணப் பட்டியலில் குளறுபடி என்று ஒருவர் பேர் சொல்லிப் பேட்டி கொடுத்தார். எழுதினேன், வந்தது. அடுத்த பட்டியலில் அவர் பேர் இல்லை. எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். போய்ப் பார்த்தேன். அவர் மோர் கொடுத்தார். ‘நீங்க எழுதலைன்னாலும் எடுத்திருப்பாங்க சார்’ என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. மோரில் உப்பு ஜாஸ்தி. அதுதான் ஞாபகம் இருக்கிறது.

#16 நெல்லித்தோப்பு அக்கா

ஓ.டி. அண்ணே, நீங்கள் புத்தகம் எழுதுங்கள். உங்கள் அத்தையை மட்டும் விடாதீர்கள்.

கிணறு விஷயத்தில் நான் இன்னும் இறங்கி வரவில்லை. ஆனால் நேற்று அம்மாவிடம் போனில் கேட்டேன், ‘குழாய் வந்தப்புறம் யாரையாவது பார்க்காமப் போச்சா?’ என்று. அம்மா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, ‘மேலத்தெருக்காரி ஒருத்தி வழி நெடுக தலைகீழாக் கதை சொல்லுவா. அப்புறம் அவளைப் பார்க்கவே இல்லை’ என்றாள். பேர்கூட அம்மாவுக்கு மறந்துவிட்டது. குழாய் மட்டும் வேண்டுமாம். அதில் மாற்றமில்லை.

#17 இரண்டாம் ஆட்டம்

அப்பாவிடம் ரசம் கதையைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, ‘அந்தப் படம் இன்னொரு வாட்டி போடுவியா?’ என்றார். பாதியில் எழுந்து போன இடத்திலிருந்தாம்.

#18 புத்துப்பட்டு

சொல்தா பேரன் அண்ணா, ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. அந்தப் பெருங்காயம் வந்ததா இல்லையா?

#19 சொல்தா பேரன்

பாட்டி அனுப்பியது உண்மை. தபாலில் நாற்றம் பொறுக்காமல் எந்த ஊரில் யார் பிரித்துப் பார்த்தார்களோ, கடவுளுக்கே வெளிச்சம். சைகோனுக்குப் போய்ச் சேருவதற்குள் தாத்தாவை அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் பாண்டிக்கு வந்து இறங்கி மூன்று வாரம் கழித்து, நாலைந்து முத்திரை குத்திய பார்சல் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது. பிரித்தால் கல் மாதிரி கட்டி. தாத்தா சுத்தியலால் உடைத்துக் கொடுக்க, பாட்டி அன்றைக்கே ரசம் வைத்தாளாம்.

‘எப்படித் தாத்தா இருந்துச்சு?’ என்று கேட்டதற்கு, ‘உப்பு போட மறந்துட்டா’ என்றார்.